சாய்ந்த வரப்பு உயரம் ஆகாது

வாங்கப்போகும் முக்கோண வயலின் வரப்புகள் 130, 140, 150 அடி. 140-ஐ 130-ஆல் பெருக்கிப் பாதியாக்கி 9,100 சதுர அடி, அதாவது 63 குழி என்கிறீர்கள். அந்த 130-தான் பிழை. அது சாய்ந்து போகும் வரப்பு. எதிர் மூலையிலிருந்து அடிப்பக்கத்துக்குச் செங்குத்தாக இறங்கும் தூரம்தான் உயரம்.

சம்பா அறுப்பு முடிந்ததும் வயலில் இறங்குங்கள். 140 அடி வரப்பில், 130 அடி வரப்பு சேரும் மூலையிலிருந்து 50 அடி தள்ளி ஒரு முளைக்குச்சி அடியுங்கள். அங்கிருந்து எதிர் மூலைக்குக் கயிறு பிடித்தால் 120 அடி வரும் (130-இன் வர்க்கத்தில் 50-இன் வர்க்கம் போனால் 14,400, அதன் வர்க்கமூலம் 120).

அப்புறம் 140 × 120 ÷ 2 = 8,400 சதுர அடி. நம் தஞ்சாவூர்ப் பக்கம் குழிக்கு 144 சதுர அடி, ஆக 58 குழிதான். ஐந்து குழிக்குக் கூடுதலாகப் பணம் கொடுத்துவிடாதீர்கள், பத்திரத்துக்கு முன்பே அளந்துவிடுங்கள்.