இரவில் போட்ட கணக்கு தேர்வறையில் ஏன் வரவில்லை?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இரவில் மடமடவென்று போட்ட கணக்கு, காலையில் தேர்வறையில் வரவில்லை என்கிறாள். அரையாண்டுத் தேர்வின்போது தினமும் வயிற்றைப் பிசைந்தது, கை சில்லிட்டு வியர்த்தது. வீட்டுக்கு வந்ததும் அதே கணக்கைச் சரியாகப் போட்டுக் காட்டினாள். "எல்லாம் நடிப்பு" என்கிறார் அவள் அப்பா. பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் பைக்கிலேயே சூத்திரம் கேட்டுக்கொண்டு போவார். நினைவாற்றலுக்கு டானிக் ஏதாவது கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: அன்புச் சகோதரி, இது நடிப்பு இல்லை. வீட்டுக்கு வந்ததும் போட்டுக் காட்டினாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே! படித்தது எங்கும் போய்விடவில்லை. அதை எடுத்துக் கையாளும் இடத்தில்தான் நெருக்கடி.

48-ஐ 7-ஆல் மனக்கணக்காகப் பெருக்கிப் பாருங்கள். ஏழெட்டு ஐம்பத்தாறு, 6 போட்டு, மிச்சம் 5-ஐ மனதில் வைத்துக்கொண்டே அடுத்த இலக்கத்துக்குப் போக வேண்டும். அந்த 5-ஐப் பிடித்து வைத்திருப்பதுதான் செயல்நினைவு. அதில் ஒரு நேரத்தில் சுமார் நான்கு விஷயங்கள்தான் நிற்கும். 'ஃபெயிலாகிவிட்டால்?', 'அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன்?' என்று இரண்டு கவலைகள் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டால், தொகையீட்டுக் கணக்குக்கு இடம் ஏது? படிப்படியாகப் போகும் கணக்குதான் இதில் அதிகம் அடிவாங்கும்.

உடம்பும் சும்மா இருப்பதில்லை. பயம் வந்ததும் அட்ரினலின் சுரந்து, இரத்தத்தைத் தோலிலிருந்தும் குடலிலிருந்தும் தசைகளுக்குத் திருப்புகிறது. கை சில்லிடுவதும் வயிறு பிசைவதும் அதனால்தான். பின்னாலேயே கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறுகிறது. செயல்நினைவை நடத்துவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி. பதற்றம் மிஞ்சினால் முதலில் தடுமாறுவதும் அதுதான். அந்தப் பகுதி முழுதாக முதிர்வது இருபது வயதுக்கு மேல். பதினேழு வயதில் உணர்ச்சி வேகமாகக் கிளம்பிவிடும், கடிவாளம்தான் இன்னும் தயாராகவில்லை.

இப்போது அப்பா விஷயம். ஜெர்மனியில் ட்ரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993-இல் ஒரு சோதனை முறையை வெளியிட்டார்கள். முகத்தில் எந்தச் சலனமும் காட்டாத நடுவர்கள் முன்னால் நிற்க வைத்து முதலில் பேசச் சொல்வார்கள். பிறகு 1022-லிருந்து 13, 13-ஆகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். தப்பு விட்டால் மறுபடி 1022-லிருந்து! மனிதர்களின் கார்டிசாலை ஏற்ற உலகம் முழுக்க இன்றும் இந்த முறையைத்தான் நம்புகிறார்கள். உங்கள் வீட்டில் அது பைக்கிலேயே நடந்துவிடுகிறது. கார்டிசால் உச்சம் தொட ஏறக்குறைய 20 முதல் 30 நிமிடம் ஆகும். வழியில் வாங்கிய திட்டு, வினாத்தாள் கைக்கு வரும்போதுதான் முழு வேகத்தில் வேலை செய்யும். அவரிடம் இதைக் காட்டுங்கள். கேள்வி கேட்பதெல்லாம் முந்தின நாள் சாயங்காலத்தோடு முடியட்டும்.

மகளுக்கு: தேர்வுக்கு முன் 10 நிமிடம், மனதில் இருக்கும் பயத்தையெல்லாம் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். யாரும் படிக்க வேண்டாம், கிழித்துப் போட்டுவிடலாம். அமெரிக்காவில் ராமிரெஸ், பைலாக் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுப் பயம் அதிகமுள்ள மாணவர்களுக்கு இது கைகொடுத்தது. எல்லோருக்கும் பலிக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் காசு செலவில்லை. எழுதத் தொடங்க அனுமதித்ததும், மறந்துவிடுமோ என்று பயப்படும் சூத்திரங்களை ரஃப் ஒர்க் இடத்தில் எழுதி வைத்துவிடட்டும். தாளில் இருப்பதை மனம் சுமக்க வேண்டியதில்லை. நெஞ்சு படபடத்தால் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்துக்கொள்ளட்டும். அப்புறம், வாரம் ஒரு முறையாவது கடிகாரம் வைத்து, மேசையில் தனியாக உட்கார்ந்து முழுத் தாளை எழுதிப் பழகட்டும். கட்டிலில் சாய்ந்துகொண்டு போடுகிற கணக்கு இதில் சேராது.

டானிக் வேண்டாம். நினைவில் சேர்த்து வைத்ததில் குறையில்லாதபோது எதற்கு? வல்லாரைத் துவையல் பிடித்தால் சாப்பிடட்டும், மதிப்பெண்ணுக்காக வேண்டாம். தூக்கத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

தூக்கமே வரவில்லை, பள்ளிக்கே போக மாட்டேன் என்கிறாள், அல்லது வாழப் பிடிக்கவில்லை என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தது என்றால், தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.