நீச்சல் தெரியாது, ஏரிக்குக் கூப்பிடுகிறார்கள்

கேள்வி: எனக்கு 28 வயது. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். இப்போது அமெரிக்காவில் மினியாபொலிஸில் மென்பொருள் வேலை. அலுவலகத் தோழியின் குடும்பத்துக்கு வடக்கே ஓர் ஏரிக்கரையில் கேபின், அதாவது விடுமுறை வீடு இருக்கிறது. கோடை முழுக்க வார இறுதிகளில் நண்பர்கள் அங்கே கூடுவார்கள். பகலில் படகு, வாட்டர் ஸ்கீயிங் (காலில் பலகை கட்டி, படகு கயிற்றில் இழுக்கத் தண்ணீர்மேல் சறுக்குவது). ராத்திரி நெருப்பு மூட்டி, கிடார் வைத்துப் பாட்டு. போன வருடம் நானும் போனேன். எனக்கு நீச்சல் தெரியாது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, தலைவலி என்று சொல்லிக் கரையிலேயே உட்கார்ந்து எல்லோரையும் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பாடச் சொன்னபோதும், அவர்கள் பாடுகிற பாட்டெல்லாம் தெரியாததால் மறுத்துவிட்டேன். இந்த வருடமும் கூப்பிட்டிருக்கிறாள். ஆசையாக இருக்கிறது, ஆனால் அவர்களுக்குப் பாரமாகிவிடுவேனோ என்று பயம். எனக்குத் தண்ணீரில் கண்டம் என்று ஜோசியர் சொன்னதிலிருந்து, குற்றாலம் பக்கத்திலேயே இருந்தும் அம்மா என்னை அருவிக்கு விட்டதில்லை. இங்கேயுள்ள தமிழ்த் தோழிகளோ, "இப்பல்லாம் எங்க ஞாபகமே இல்ல உனக்கு" என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம், மினியாபொலிஸ்)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

போங்கள். கட்டாயம் போங்கள். ஆனால் கிளம்புவதற்கு ரொம்ப நாள் முன்பே அந்தத் தோழியிடம் "எனக்கு நீச்சல் தெரியாது" என்று சொல்லிவிடுங்கள். தலைவலி என்றால் மாத்திரை தருவார்கள், போய்ப் படு என்பார்கள். நீச்சல் தெரியாது என்று தெரிந்தால்தான் உங்கள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் எடுத்து வைப்பார்கள், ஆழமில்லாத இடத்தில் இறக்குவார்கள், படகில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்துகொள்வார். படகை ஓட்டுகிறவருக்கும் இது தெரிந்தே ஆகவேண்டும். யாருக்கு நீந்தத் தெரியாது என்று அறியாமல் ஒருவர் படகை எடுப்பது ஆபத்து.

அவர்களாகக் கேட்கவில்லையே என்று நினைக்காதீர்கள். நீங்கள் இருக்கும் மினசோட்டா மாநிலத்தில் 10 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் மட்டும் 11,842 இருக்கின்றன. அந்த ஊர்ப் பிள்ளைகளில் நிறையப் பேர் சின்ன வயதிலேயே நீச்சல் கற்றுக்கொண்டு விடுகிறார்கள். 28 வயதில் ஒருத்திக்கு நீச்சல் தெரியாது என்பது அவர்களுக்குத் தோன்றியே இருக்காது. நீங்கள் ஒதுங்கி உட்கார்ந்ததைப் பார்த்து, இவளுக்கு நம்மோடு இருக்கப் பிடிக்கவில்லையோ என்றுகூட நினைத்திருப்பார்கள். அப்படியும் மறுபடி கூப்பிட்டிருக்கிறாள் பாருங்கள். பாரம் என்று நினைக்கிறவள் கூப்பிடமாட்டாள்.

அடுத்து, நீச்சல் வகுப்பு. ஏரி வெதுவெதுப்பாக ஜூலை ஆகிவிடும், அதனால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற உங்கள் இரட்டை நகரங்களில் ஒய்எம்சிஏ போன்ற இடங்களில் பெரியவர்களுக்கென்றே தொடக்க வகுப்புகள் நடக்கின்றன. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே குளம் சூடாக இருக்கும். நீளமாக நீந்திக் காட்ட வேண்டும் என்று இலக்கு வைக்காதீர்கள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை வெளியே விடுவது, மல்லாந்து மிதப்பது, கவிழ்ந்தால் திரும்பி மல்லாந்துகொள்வது, இந்த மூன்றும் வந்தால் இந்தக் கோடைக்குப் போதும். ஸ்கீயில் விழுகிறவர் நீந்திக் கரை சேர வேண்டியதில்லை, படகு திரும்பி வந்து ஏற்றிக்கொள்ளும். அதுவரை பதறாமல் மிதக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வார இறுதியில் கயிற்றைப் பிடிக்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அதற்காகக் கரையில் உட்காரச் சொல்லவில்லை, படகில் ஏறுங்கள். ஸ்கீ செய்கிறவரை இழுத்துப்போகும் படகில், ஓட்டுகிறவர் முன்னால் பார்க்கவேண்டும். பின்னால் கயிற்றின் முனையில் இருப்பவரைக் கண்ணெடுக்காமல் பார்க்க இன்னொருவர் வேண்டும். ஸ்பாட்டர் என்பார்கள். மினசோட்டா சட்டப்படி அப்படி ஒரு ஆள் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் படகில் அகலமான பின்பார்வைக் கண்ணாடியாவது பொருத்தியிருக்க வேண்டும். என்னைக் கேட்டால் கண்ணாடியைவிட ஆள்தான் நல்லது. அந்த வேலையைக் கேட்டு வாங்குங்கள். சைகைகள் நாலைந்துதான். கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை. தலையைத் தட்டினால் கரைக்குத் திரும்பு. கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தால் எஞ்சினை நிறுத்து. விழுந்தவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் கோத்துக் காட்டினால் எனக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். அப்படிக் காட்டவில்லை என்றால் உடனே ஓட்டுகிறவரிடம் கத்திச் சொல்லவேண்டியது நீங்கள். போன வருடம் நாள் முழுக்க எல்லோரையும் பார்த்துப் படம் எடுத்தவருக்கு இந்த வேலை நன்றாகவே வரும். ஒரு மதியம் இதைச் செய்தால், விழுகிறவர்கள் எப்படி விழுகிறார்கள், எப்படிச் சிரித்துக்கொண்டே எழுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே பாதிப் பயம் போய்விடும்.

இந்த விளையாட்டு பிறந்ததே உங்கள் மாநிலத்தில்தான். மினியாபொலிஸிலிருந்து தென்கிழக்கே மிசிசிப்பி ஆறு அகன்று ஏரியாகப் பரந்து கிடக்கும் இடம் லேக் பெபின். அதன் கரையில் லேக் சிட்டி என்ற சிற்றூர். 1922 கோடையில் அங்கே ரால்ஃப் சாமுவெல்சன் என்ற 18 வயதுப் பையன், பனியில் சறுக்க முடிந்தால் தண்ணீரில் ஏன் முடியாது என்று கிளம்பினான். பீப்பாய்ப் பலகையைக் காலில் கட்டிப் பார்த்தான், மூழ்கினான். பனிச்சறுக்குப் பலகையைக் கட்டிப் பார்த்தான், அதுவும் மூழ்கியது. பிறகு 8 அடி நீளப் பலகை இரண்டு வாங்கி, அம்மாவின் செப்புப் பாத்திரத்தில் நுனியை வேகவைத்து வளைத்தான். அண்ணன் படகை ஓட்டினார். நாள் கணக்காக விழுந்துகொண்டே இருந்தான். ஜூலை 2ஆம் தேதி, உடம்பைப் பின்னால் சாய்த்து, பலகை நுனிகளைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்தபோதுதான் எழுந்து நின்றான். மறுநாள் அவனுக்கு 19 வயது. காப்புரிமை எதுவும் வாங்கவில்லை. அதை 1925இல் வாங்கியவர் ஃப்ரெட் வாலர் என்ற வேறொருவர். சாமுவெல்சன்தான் முதல் ஆள் என்று அமெரிக்க வாட்டர் ஸ்கீ சங்கம் ஒப்புக்கொண்டது 1966இல்.

அவன் கண்டுபிடித்த சூத்திரத்தைத்தான் இன்றும் சொல்லித் தருகிறார்கள். தண்ணீரில் மிதந்தபடி முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் குந்த வேண்டும். ஸ்கீ நுனிகள் மேலே தெரிய வேண்டும், கயிறு அவற்றுக்கு நடுவே. கை நீட்டியபடியே இருக்கட்டும். படகு இழுக்கும், இழுக்க விடுங்கள். கிணற்றுக் கயிறு மாதிரி நாம் பதிலுக்கு இழுக்கக்கூடாது. கைப்பிடியை நெஞ்சுக்கு இழுத்தால் மல்லாக்க விழுவோம், அவசரப்பட்டு எழுந்து நின்றால் முகம் குப்புற விழுவோம். பலகை தண்ணீருக்கு மேல் வந்த பிறகு மெல்ல எழுந்து, முழங்கால் மடங்கியபடியே படகைப் பாருங்கள், காலைப் பார்க்காதீர்கள். தொடக்கக்காரர்களுக்கு மணிக்கு 30 கிலோமீட்டர் வேகமே தாராளம். விழப்போகிறோம் என்று தெரிந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். புதியவர்கள் பயத்தில் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால்தான் தண்ணீரைக் குடிக்கிறார்கள். இதையெல்லாம் முதலில் புல்தரையில் உட்கார்ந்து, தோழியைக் கயிற்றை இழுக்கச் சொல்லிப் பழகுங்கள். படகின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி இருந்தால் இன்னும் நல்லது. அதைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பது ரொம்பச் சுலபம், சொல்லித் தருகிறவரும் பக்கத்திலேயே இருப்பார்.

உடையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் நம் பெண்கள் பலர் இதற்காகவே தண்ணீரில் இறங்காமல் இருப்பதால் சொல்கிறேன். நீச்சலுடைதான் போடவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ரேஷ் கார்டு எனப்படும் முழுக்கை நீச்சல் மேல்சட்டையும் நீச்சலுக்கான லெகிங்ஸும் போட்டால் வெயிலுக்கும் நல்லது, கயிறு உரசினாலும் தோல் தப்பிக்கும். மோதிரம், வளையல், தொங்கும் காதணி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, முடியைப் பின்னிச் சுருட்டிக் கட்டிக்கொள்ளுங்கள். மேலே லைஃப் ஜாக்கெட். அமெரிக்கக் கடலோரக் காவல்படை அங்கீகரித்தது என்று அதில் அச்சிட்டிருக்க வேண்டும். போட்டிக்காரர்கள் அணியும் மெல்லிய ஜாக்கெட்டுகளில் பலவற்றுக்கு அந்த அங்கீகாரம் கிடையாது. அழகாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் ஜாக்கெட் காதுவரை ஏறுகிறது என்றால், அது உங்களுக்குப் பெரிது.

ஒரு விஷயத்தில் மட்டும் கூச்சமே வேண்டாம். படகு ஓட்டுகிறவர் குடித்திருந்தால் ஏறாதீர்கள். ஒரு பீர்தானே என்று யார் சொன்னாலும் ஏறாதீர்கள். ரத்தத்தில் ஆல்கஹால் அளவுக்குக் காருக்கு உள்ள அதே 0.08 சதவீத வரம்புதான் அங்கே படகுக்கும். படகில் திரும்ப ஏறும்போது எஞ்சின் அணைந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள், கீழே சுழலும் விசிறி கண்ணுக்குத் தெரியாது. இடி கேட்டால் எல்லோரும் கரைக்கு.

சரி, பாட்டுக்கு வருவோம். நெருப்பைச் சுற்றி அவர்கள் பாடுவது உங்களுக்குத் தெரியாது என்கிறீர்கள். முழுப் பாட்டும் யாருக்குத் தெரியும்? பல்லவிக்கு மட்டும் சேர்ந்துகொள்கிறவர்கள்தான் எந்தக் கூட்டத்திலும் அதிகம். பாடச் சொன்னால் இந்தத் தடவை தமிழிலேயே ஒன்று பாடுங்கள். தாளம் எளிதாக, கைதட்ட வசதியாக, திரும்பத் திரும்ப வரும் பல்லவி உள்ளதாக எடுங்கள். கிடார்க்காரரிடம் முதல் வரியை ஒருமுறை முனகிக் காட்டினால் சுருதியைப் பிடித்துக்கொள்வார். அர்த்தம் கேட்டால் இரண்டு வரியில் சொல்லுங்கள், போதும்.

உங்கள் தமிழ்த் தோழிகளின் மனத்தாங்கலுக்கும் இந்தப் பாட்டிலேயே வழி இருக்கிறது. கேபின் தோழியின் வீடு, அங்கே யாரைக் கூப்பிடுவது என்பது அவள் விருப்பம். ஊரில் நடக்கும் கச்சேரிகளுக்கு அந்தச் சங்கடம் இல்லை. லேக் ஹாரியட் கரையில் உள்ள மேடையில் கோடை மாலைகளில் பூங்காத் துறையே இலவசக் கச்சேரிகள் நடத்துகிறது. ஜூனில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். ஜமக்காளத்தை விரித்து, எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துக்கொண்டு இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக வரச் சொல்லுங்கள். செயின்ட் பால் நகரில் மியர்ஸ் பூங்காவில் ஜூன் மாதம் ஜாஸ் விழா, அதுவும் இலவசம். ஜூன் கடைசியில் லேக் சிட்டியில் வாட்டர் ஸ்கீ டேஸ் என்றே ஒரு திருவிழா வருகிறது, ஊர்வலம், பாட்டு எல்லாம் உண்டு. ஒரே காரில் கிளம்பினால் அரட்டையோடு ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். உள்ளரங்கில் கேட்க ஆசை என்றால் ஃபர்ஸ்ட் அவென்யூ. 1937இல் கட்டிய பேருந்து நிலையம், 1970இலிருந்து இசைக்கூடம், பாப் பாடகர் பிரின்ஸ் பாடிய மேடை. அங்கே நின்றுகொண்டுதான் கேட்கவேண்டியிருக்கும், சத்தமும் பலமாக இருக்கும். 85 டெசிபெலை 8 மணி நேரம் தாங்கும் காதுக்கு 100 டெசிபெலில் 15 நிமிடம்தான் பாதுகாப்பு என்று அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. காதடைப்பான் கைப்பையில் எப்போதும் இருக்கட்டும்.

கேபினுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். படகுக்குப் பெட்ரோல் நிறையச் செலவாகும், பங்கைக் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். ஒரு வேளைச் சமையலை ஏற்றுக்கொள்ளுங்கள். கொசு மருந்து மறக்கவேண்டாம், மினசோட்டாக் கொசு நம் ஊர்க் கொசுவுக்குச் சளைத்ததில்லை.

கடைசியாக அம்மா. ஜோசியத்தை நம்பாதே என்று அவரிடம் வாதாட வேண்டாம், அதில் யாரும் ஜெயிப்பதில்லை. அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. நம் குளங்களிலும் ஆறுகளிலும் நீச்சல் தெரியாத பிள்ளைகள் ஒவ்வொரு கோடையிலும் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள், அந்தச் செய்திகளைப் படித்துப் படித்து வளர்ந்த பயம் அது. மறைத்துவிட்டு மட்டும் போகாதீர்கள். யாராவது போடும் படம் குடும்ப வாட்ஸாப்பில் வந்து அவர் பார்த்தால், ஒரு வாரத்துக்குத் தூங்கமாட்டார். "அம்மா, கண்டம்னு சொன்னாங்கல்ல, அதனாலதான் நீச்சல் கத்துக்கறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அவரால் மறுத்துப் பேச முடியாது. மிதக்கப் பழகியதும் வகுப்பில் யாரையாவது எடுக்கச் சொல்லி ஒரு வீடியோ அனுப்புங்கள். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு, வீடியோ காலில் இழுத்து இழுத்துக் காட்டுங்கள். ஏரிக்குப் போகிற விஷயத்தை அதற்கப்புறம் சொல்லலாம். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி சொல்லாதீர்கள், இரண்டு வாரமாவது முன்னால் சொல்லுங்கள். கேள்வி கேட்டுக் கேட்டு மனம் ஆற அவருக்கும் நேரம் வேண்டும்.