வேலையை விட்டுவிட்டு வெல்னஸ் கோச்சாகச் சொந்தத் தொழில் தொடங்கியவர்களுக்கு முதல் வருடம் எப்படி இருந்தது?

போன வாரத்தோடு எனக்கு ஒரு வருடம் முடிந்தது, அதனால் நல்லது கெட்டது எல்லாம் இன்னும் நினைவில் பசுமையாக இருக்கிறது. வருமானம் போதுமா, கிளையன்ட் எங்கிருந்து வருவார்கள், வேலையை விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது புரிகிற வரைக்கும் எனக்கு மற்ற எதுவுமே சரியாக அமையவில்லை. அறிவுரை எங்கு பார்த்தாலும் இலவசமாகக் கிடைக்கிறது, அதற்காக யாரும் நம்மிடம் காசு கொடுப்பதில்லை. ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிற வரைக்கும் கூடவே ஒரு ஆள் இருக்க வேண்டும், அதற்குத்தான் கொடுக்கிறார்கள்.

நான் ஒன்பது வருடம் ஓர் அலுவலகத்தில் மனிதவளப் பிரிவில் இருந்தேன். பயிற்சி முடித்து சான்றிதழ் வாங்கி, வேலையை விட்ட பிறகு முதல் இரண்டு மாதம் செய்ததெல்லாம் இணையதளம், லோகோ, இன்ஸ்டாகிராம் பதிவு இவைதான். தினமும் ஒரு பதிவு போட்டேன். லைக் வந்தது, ஆள் வரவில்லை. முதல் கிளையன்ட் பழைய அலுவலகத்தில் கூட வேலை பார்த்த ஒருவர் சொல்லி வந்தவர், இன்றைக்கு வரைக்கும் வந்தவர்களில் பாதிக்கு மேல் இப்படி யாராவது சொல்லி வந்தவர்கள்தான். எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்விக்கு என் அனுபவத்தில் பதில் இதுதான்: உங்களை ஏற்கெனவே நம்புகிற பத்துப் பேரிடமிருந்து. பதிவு போடுவதை நான் விட்டுவிடவில்லை, ஆனால் வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்துவிட்டேன்.

அந்த முதல் ஆளுக்கு ஆறு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தேன். தூக்கம், சாப்பாடு, நடை, மூச்சுப் பயிற்சி, போனைப் பார்க்கும் நேரம் என்று எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகப் போட்டு. அவர் ரொம்ப சந்தோஷப்பட்டார், இரண்டு முறை நன்றி சொன்னார், அடுத்த செஷனுக்கு வரவில்லை. மூன்று முறை செய்தி அனுப்பினேன். மூன்றாவதற்கு, "கொஞ்சம் பிஸி, நானே கூப்பிடுறேன்" என்று பதில் வந்தது. கூப்பிடவே இல்லை. அந்த ஆறு பக்கத்தில் ஒன்றைக்கூடச் செய்யாமல் என் முகத்தில் விழிக்க அவருக்குச் சங்கடமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அவருக்கு அந்தச் சங்கடத்தைக் கொடுத்தது நான்தான், அது இன்னும் மனசை உறுத்துகிறது.

இத்தனைக்கும் இது வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்த விஷயம். மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்று ஒரு முறை உண்டு. வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் குடிப்பழக்கத்தில் சிக்கியவர்களோடு வேலை செய்த அனுபவத்திலிருந்து 1983இல் அதைப் பற்றி எழுதினார், பிறகு ஸ்டீபன் ரால்னிக்கும் அவரும் சேர்ந்து அதை வளர்த்தார்கள். ஒருவர் தப்பான வழியில் போவதைப் பார்த்ததும் உடனே திருத்த வேண்டும் என்று நமக்கு வாய் துடிக்கும், முதலில் அதை அடக்கு என்பதுதான் அதன் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. மாறலாமா வேண்டாமா என்று இரண்டு மனசாக இருப்பவரிடம் நாம் மாறு மாறு என்று பேசினால், அவர் தன்னையறியாமல் மற்ற பக்கத்துக்காக வாதாட ஆரம்பித்துவிடுவார், பேசப் பேச அதையே நம்பிவிடுவார். இதைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் மாதச் சம்பளம் இல்லாமல், ஒருவரிடம் நேரடியாகக் காசு வாங்கிக்கொண்டு எதிரில் உட்காரும்போது, கொடுத்த காசுக்கு எதையாவது அள்ளிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு பயம் வருகிறது பாருங்கள், அந்தப் பயத்தில் படித்ததெல்லாம் காற்றில் போய்விடுகிறது.

நாலாவது மாதம் வந்தவர் ஐம்பதை ஒட்டிய ஒரு பெண்மணி. நாள் முழுக்க உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற வேலை. தினமும் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக முயன்று ஒரு வாரம்கூடத் தொடர்ந்து முடியவில்லை என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் என்ன நடக்கும் என்று கேட்டேன். "சாவியை மேசையில வெச்சேன்னா அவ்வளவுதான், அன்னிக்கு முடிஞ்சது, அதுக்கப்புறம் வெளியில போக மாட்டேன்" என்றார். எனக்கு நாலு யோசனை நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லவில்லை. வீடியோ காலில் அரை நிமிஷம் இரண்டு பேரும் பேசாமல் இருப்பது எவ்வளவு நீளமான நேரம் என்பது இருந்து பார்த்தால்தான் தெரியும். அவர் குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், சாவி இன்னும் கையிலேயே இருப்பது மாதிரி. பிறகு அவரே நிமிர்ந்து, "அப்போ சாவியை வைக்காம இருந்தா?" என்றார்.

அவ்வளவுதான். கதவைத் திறந்து பையை உள்ளே வைப்பது, சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அப்படியே திரும்பித் தெருமுனை வரைக்கும் போய் வருவது. பத்து நிமிஷம். இது நடந்தால் அதைச் செய்வேன் என்று இடத்தையும் தருணத்தையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தால் செய்து முடிக்கிற வாய்ப்பு கூடுகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ச்சிகளில் காட்டியிருக்கிறார். அந்தத் தருணம் எது என்று நான் எத்தனை பக்கம் எழுதியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது, அது அவர் மேசையில் இருந்தது.

அதற்குப் பிறகு, ஒரு விஷயம் சொல்லட்டுமா என்று கேட்டு, அவர் சரி என்றதும்தான் பத்தாயிரம் பற்றிச் சொன்னேன். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை அளவுக் கருவிக்குப் பத்தாயிரம் காலடிகளை அளக்கும் மீட்டர் என்ற பொருளில் பெயர் வைத்தார்கள், அந்த எண் அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அடிகளை எண்ணவே இல்லை, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு என்கிறது, அதைவிடக் குறைவாகச் செய்தாலும் சும்மா இருப்பதற்கு மேல் என்கிறது. அவர் பெருமூச்சு விட்டது ஸ்பீக்கரில் கேட்டது. இரண்டு வருடமாக ஒரு கருவியின் பெயரிடம் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறார், பாவம்.

இனி வருமானம். ஆரம்பத்தில் ஒரு செஷனுக்கு இவ்வளவு என்று மணிக்கணக்கில் வாங்கினேன், அது இரண்டு பக்கமும் தப்பாகப் போனது. வந்தவர்கள் இரண்டு செஷனில் பலன் தெரியவில்லை என்று நின்றுவிட்டார்கள், எனக்கு அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்றே தெரியாது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டு வருகிறார்கள். அந்த 21 மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் 1960இல் எழுதியதிலிருந்து வந்தது, நோயாளிகளுக்குத் தங்கள் புது முகம் பழக குறைந்தது அவ்வளவு நாள் ஆகிறது என்று அவர் கவனித்தார், அந்தக் "குறைந்தது" வழியிலேயே உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து பார்த்தபோது, ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வர நடுவாந்தரமாக 66 நாள் ஆனது, ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 நாளிலிருந்து 254 நாள் வரைக்கும் கணக்கு வந்தது, 12 வாரத்தைத் தாண்டியவை போக்கைப் பார்த்துக் கணித்தவை. அதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடவில்லை என்பது. இதைச் சொன்னதும் சிலர் கண் கலங்கிப் பார்த்திருக்கிறேன், ஒரு நாள் விட்டதற்காக முழுசாகவே விட்டவர்கள் அவர்கள்.

ஆறாவது மாதம் மணிக்கணக்கை நிறுத்திவிட்டு 12 வாரம் ஒரு தொகுப்பு என்று மாற்றினேன், பாதி முன்பணம், மீதி ஆறாவது வாரம். கேட்கத் தயக்கமாகத்தான் இருந்தது. ஆனால் விட்டுப்போகிறவர்கள் குறைந்தார்கள், எனக்கும் அடுத்த மூன்று மாதம் கண்ணுக்குத் தெரிந்தது. 24 மணி நேரம் முன்னதாகவே சொல்லாமல் வராதவர்களுக்கு அந்த செஷன் கழிந்தது என்பதையும் அப்போதுதான் எழுத்தில் வைத்தேன். தெரிந்தவர்களுக்கு இலவசமாகச் செய்வதையும் நிறுத்தினேன், இலவசமாக வந்த ஐந்து பேரில் ஒருவர்கூடக் கடைசி வரைக்கும் வரவில்லை.

நேரக் கணக்கை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மாதம் முழுக்க நோட்டில் குறித்து வைத்தேன். வாரம் 40 மணி நேரம் வேலை செய்தால் அதில் காசு வந்தது 14 மணி நேரத்துக்குத்தான், மற்றதெல்லாம் செஷன் குறிப்பு எழுதுவது, பில் போடுவது, முதல் அறிமுகப் பேச்சு, செய்திகளுக்குப் பதில், படிப்பு. கட்டணம் வைக்கும்போது அந்த 14 மணி நேரம்தான் 40 மணி நேரத்தையும் சுமக்க வேண்டும். வரிக்கென்று வருகிற பணத்தில் ஒரு பங்கை அன்றைக்கே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். உடம்புக்கு முடியாத நாளைக்குச் சம்பளம் கிடையாது என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஒரு காய்ச்சலில் எனக்கு ஒன்றரை வாரம் போனது. வருடம் முழுக்கச் சேர்த்தால் பழைய சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல் வந்திருக்கிறது, கடைசி நாலு மாதம் மட்டும் பார்த்தால் முக்கால் பங்கு.

யாரை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருவர் உற்சாகம் குறைந்துவிட்டது, உடற்பயிற்சி ஆரம்பிக்க வேண்டும் என்று வந்தார். பேச்சோடு பேச்சாக, மாடி ஏறினால் நெஞ்சை அழுத்துகிற மாதிரி இருக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது என்றார். அன்றைய செஷனை அங்கேயே நிறுத்தி, இன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள் என்று சொன்னேன், உழைக்கும்போது வந்து ஓய்வில் போகிற அழுத்தம் இதய ரத்தக்குழாய் அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். அவர் என்னிடம் திரும்பி வரவில்லை, கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அந்தப் பணம் எனக்கு அந்த மாதம் தேவையாகத்தான் இருந்தது. நோயைக் கண்டுபிடிப்பதோ மருந்தை மாற்றச் சொல்வதோ நம் வேலை கிடையாது. சாப்பாட்டை மறைத்துச் சாப்பிட்டு வாந்தி எடுப்பவர்கள், வாழப் பிடிக்கவில்லை என்பவர்கள், இவர்களை உடனே உரியவர்களிடம் அனுப்ப வேண்டும். யாரிடம் அனுப்புவது என்று முதல் கிளையன்ட் வருவதற்கு முன்பே பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் அன்றைக்கு அது இல்லை.

என் உடம்பு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏழாவது மாதம் இரவு பதினொன்றரைக்கு ஒரு கிளையன்டுக்குத் தூக்கத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மாதம் முழுக்க நான் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தூங்கியதே இல்லை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்று பகலெல்லாம் சொல்லிவிட்டு இப்படி. மறுநாள் எல்லோருக்கும் எழுதினேன், இரவு எட்டு மணிக்கு மேல் வரும் செய்திகளுக்குக் காலையில்தான் பதில் தருவேன் என்று. ஒருவர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை.

வேலையை விடலாமா? உடனே வேண்டாம். வேலையில் இருந்துகொண்டே மாலை நேரத்தில் மூன்று பேரை, காசு வாங்கி, 12 வாரம் முழுசாகக் கொண்டுபோய்ப் பாருங்கள். எட்டாவது வாரம் அவர்கள் சலிப்போடு ஒன்றும் செய்யாமல் வந்து உட்காரும்போது உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, இல்லை என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை வருகிறதா என்று கவனியுங்கள். ஆசை வந்தால், ஒரு வருடச் செலவுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு விடுங்கள். நான் எட்டு மாதச் செலவோடு வந்தேன், ஒன்பதாவது மாதம் ரொம்ப இறுக்கிப் பிடித்தது.

அந்தக் கணக்குப் பெண்மணி 12 வாரம் முடித்து இப்போது மாதம் ஒருமுறை பேசுகிறார். போன முறை, மழையில் இரண்டு நாள் போகவில்லை, மூன்றாம் நாள் போனேன் என்றார். இப்போது தெருமுனையைத் தாண்டி இன்னொரு தெரு வரைக்கும் போகிறாராம், சாவியைப் போட்டுக்கொள்ள ஒரு பை வைத்த சட்டையாகத் தைக்கக் கொடுத்திருக்கிறார்.