பிங் எங்கே எகிறுகிறது? ஃபைபர் இணைப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 100 எம்பிபிஎஸ் திட்டத்திலிருந்து 300-க்கு மாறினேன். ஸ்பீட் டெஸ்டில் 300 முழுதாக வருகிறது. ஆனால் கேம் விளையாடும்போது பிங் பழையபடி 38 மில்லி விநாடியிலேயே நிற்கிறது. மாறியது வீண்தானா?

டவுன்லோடுக்கு வீணில்லை. பிங், அதாவது தரவு சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், அதற்காக மட்டும் மாறியிருந்தால் பலன் இருக்காது. கணக்கைப் பாருங்கள். தரவு பாக்கெட் எனும் சிறு பொட்டலங்களாகத்தான் போகிறது. ஒரு முழு பாக்கெட் 1,500 பைட், அதாவது 12,000 பிட். அதை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஏற்றிவிட 0.12 மில்லி விநாடி ஆகும், 300-இல் 0.04. மிச்சமானது 0.08 மில்லி விநாடி. 38-இல் அது எந்த மூலைக்கு?

அந்த 38-இல் பெரும்பகுதி தூரத்துக்குப் போகிறது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். 1,000 கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மில்லி விநாடி. கேபிளும் நேர்கோட்டில் போவதில்லை, வளைந்து சுற்றித்தான் போகும். கேமில் சர்வர் மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால், முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: வீட்டுக்குள் ஃபைபர் வந்து சேரும் ஓ.என்.டி. பெட்டியே தாமதத்தைக் கூட்டுமா? புது மாடலுக்கு மாற்றினால் குறையுமா?

கொஞ்சம் கூட்டும். ஆனால் அதற்குப் பெட்டி காரணமில்லை, அது வேலை செய்யும் முறைதான் காரணம். ஜி-பான் என்ற பரவலான ஃபைபர் முறையில் ஒரே இழை ஸ்ப்ளிட்டரில் பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. கீழே வரும் தரவு எல்லா வீட்டுக்கும் வரும், அவரவர் பெட்டி தனக்கானதை மட்டும் எடுத்துக்கொள்ளும். மேலே அனுப்பும்போது அப்படி முடியாது. இரண்டு வீடுகள் ஒரே நேரத்தில் ஒளியை விட்டால் மோதிவிடும். அதனால் நிறுவனத்தின் முனையில் இருக்கும் ஓ.எல்.டி. கருவி ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வைத்துக் கொடுக்கிறது. 125 மைக்ரோ விநாடிக்கு ஒரு ஃப்ரேம் (நேரத் துண்டு) என்ற கணக்கில் இது ஓடுகிறது. உங்கள் பாக்கெட் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். வழக்கமாக ஓரிரு மில்லி விநாடிக்குள் இது முடிந்துவிடும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. ஓ.எல்.டி. ஒவ்வொரு வீட்டின் தூரத்தையும் அளந்து, தனக்கு அருகில் உள்ள வீட்டின் பெட்டியைச் சற்றுக் காத்திருக்க வைத்து, எல்லா வீடும் ஒரே தூரத்தில் இருப்பதுபோல ஆக்கிவிடுகிறது. எக்ஸ்சேஞ்சுக்கு அருகில் குடியிருந்தால் பிங் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 20 கிலோமீட்டர் போய்வருவதே 0.2 மில்லி விநாடிதான். பிங்குக்காக ஓ.என்.டி.யை மாற்றவும் வேண்டாம்.

கேள்வி: மற்ற நேரத்தில் பிங் 12. மகளின் போன் படங்களையும் வீடியோக்களையும் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கினால் 400, 500 என்று போகிறது. அலுவலக வீடியோ கால் உறைந்துவிடுகிறது. அப்லோடு 20 எம்பிபிஎஸ். நிறுவனத்தில் கேட்டால் "லைன் சரியாக இருக்கிறது" என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது பொய்யில்லை, லைன் சரியாகத்தான் இருக்கிறது. சிக்கல் வரிசையில். வீட்டில் தாமதம் என்று வரும் புகார்களில் மிக அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான், மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் இதுதான்.

போனிலிருந்து ரவுட்டருக்குப் பல நூறு எம்பிபிஎஸ் வேகத்தில் தரவு வந்து குவிகிறது. வெளியே போகும் வாசலோ 20. போக முடியாதவை பெட்டியின் நினைவகத்தில் வரிசையில் நிற்கும். 20 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 2.5 மெகாபைட். வரிசையில் 1 மெகாபைட் நின்றுவிட்டால் அது காலியாக 0.4 விநாடி, அதாவது 400 மில்லி விநாடி. உங்கள் குரல் அடங்கிய சின்னஞ்சிறு பாக்கெட்டும் அந்த வரிசையின் வாலில்தான் நிற்கிறது. பாக்கெட் தொலைந்தால்தான் அனுப்பும் போன் வேகத்தைக் குறைக்கும். நினைவகம் பெரிதாக இருப்பதால் எதுவும் தொலைவதில்லை, எனவே அது தள்ளிக்கொண்டே இருக்கிறது.

தீர்வு, எஸ்.க்யூ.எம். எனும், வரிசையை நீளவிடாமல் நிர்வகிக்கும் வசதியுள்ள ரவுட்டர். ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. என்ற ரவுட்டர் மென்பொருளில் அதற்கான தொகுப்பு கிடைக்கிறது. முதலில் எதுவும் ஓடாத நேரத்தில், லேன் கேபிள் செருகிய கணினியில், டவுன்லோடு, அப்லோடு இரண்டையும் மூன்று முறை அளந்து, இருப்பதில் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 90 சதவீதத்தை எஸ்.க்யூ.எம்.மில் போடுங்கள். அப்லோடு 20 வருகிறது என்றால் 18. வரிசை முறைக்கு 'கேக்' அல்லது 'எஃப்க்யூ-கோடெல்' தேர்வு செய்யுங்கள். வேகத்தை ஏன் நாமே குறைக்க வேண்டும் என்று தோன்றும். அப்போதுதான் வரிசை ஓ.என்.டி.யில் சேராமல் உங்கள் ரவுட்டருக்குள் சேரும். அங்கே ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை பிரித்து, சின்னப் பாக்கெட்டுகளைத் தாமதமில்லாமல் விட முடியும்.

தவறுவது இரண்டு இடங்களில். ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் (பாக்கெட்டுகளைச் செயலிக்கு வராமல் சிப்பே நேரடியாகக் கடத்தும் வசதி) ஓடிக்கொண்டிருந்தால் பாக்கெட்டுகள் எஸ்.க்யூ.எம்.மைத் தொடாமலே தாண்டிப் போய்விடும், அதை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகு ரவுட்டரின் செயலி திணறி டவுன்லோடு வேகம் சரிந்தால், அப்லோடுக்கு மட்டும் வரம்பு வைத்துப் பாருங்கள். உங்களுக்குத் தொல்லை அப்லோடில் என்பதால் அதுவே போதலாம். ரவுட்டர் மாற்றும்வரை, பேக்கப் செயலியில் வேக வரம்பு இருந்தால் 10 எம்பிபிஎஸ் வையுங்கள். இல்லையேல் பேக்கப்பை இரவுக்குத் தள்ளுங்கள்.

கேள்வி: கோளாறு வைஃபையிலா, ஃபைபரிலா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

துண்டு துண்டாக அளந்தால் தெரிந்துவிடும். போனில் அளக்க வேண்டாம். பேட்டரியை மிச்சப்படுத்த அது ரேடியோவை உறங்கவிட்டு எழுப்பும், அதனால் பிங் காரணமில்லாமல் 50, 100 என்று காட்டும்.

மடிக்கணினியில் முதலில் ரவுட்டருக்குப் பிங் கொடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. விண்டோஸ் நான்கு முறையோடு நிறுத்திவிடும், எண்ணிக்கையை 100 என்று கொடுங்கள். லேன் கேபிளில் 1 மில்லி விநாடிக்குக் கீழே வர வேண்டும். அடுத்து கேபிளைக் கழற்றி, வைஃபையில் அதையே செய்யுங்கள். 2 முதல் 5 வரை நிலையாக இருந்தால் நல்லது. திடீர் திடீரென 80, 150 என்று துள்ளினால் கோளாறு வீட்டுக் காற்றில்தான். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். 2.4-ஐ விட முடியாது என்றால் 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்ததை வையுங்கள்.

கேபிளில் ரவுட்டர்வரை சுத்தமாக இருந்தால், பாக்கெட் போகும் வழியில் உள்ள ஒவ்வொரு முகவரியையும் காட்டும் ட்ரேஸ்ரூட்டை ஓட்டி, ரவுட்டருக்கு அடுத்த முகவரியையும், பிறகு கூகுளின் 8.8.8.8-ஐயும் பாருங்கள். இடையில் ஒரு முகவரி மட்டும் 90 காட்டி, கடைசி 12 காட்டினால் பயப்பட வேண்டாம். அந்த ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஓரிடத்தில் ஏறியது கடைசிவரை இறங்காமல் இருந்தால்தான் அது உண்மையான தாமதம்.

கேள்வி: ஓ.என்.டி. பக்கத்தில் ஒளி அளவு மைனஸ் 20 டிபிஎம் இருந்தது, இப்போது மைனஸ் 26.5. பிங் கூடுமா?

சிக்னல் குறைந்தால் பிங் படிப்படியாக ஏறாது. ஜி-பானில் பரவலாக உள்ள பி-பிளஸ் வகைப் பெட்டிக்கு எல்லை மைனஸ் 27. அந்த விளிம்பில் பிட்டுகள் பிழையாகி, பாக்கெட்டுகள் விழும். பிங்கில் 12, 12, 13 என்று வந்துகொண்டே நடுவில் 'டைம்டு அவுட்' விழுவது இதன் அடையாளம். விழுந்ததை மறுபடி அனுப்பும் நேரத்தைத்தான் நீங்கள் தாமதமாக உணர்கிறீர்கள்.

3 டெசிபல் குறைந்தால் ஒளி பாதி. உங்களுக்கு 6.5 குறைந்திருக்கிறது, நாலில் ஒரு பங்குகூட வரவில்லை என்று பொருள். பெட்டிக்குப் பின்னால் இழை மடிந்திருக்கிறதா, மேசைக்கும் சுவருக்கும் நடுவே நசுங்குகிறதா என்று பாருங்கள். வளையம் 6 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறையாமல் தளர்வாக விடுங்கள். இணைப்பி பச்சை என்றால் முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டியது, நீலம் என்றால் சாய்வில்லாதது. பச்சையும் நீலமும் சேர்த்துச் செருகியிருந்தால் நடுவில் காற்று இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். கழற்றிய முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாதது. விரலாலும் தொடாதீர்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் அளவு ஏறாவிட்டால், இரண்டு எண்களையும் குறித்து வைத்துப் புகார் கொடுங்கள். "நெட் மெதுவாக இருக்கிறது" என்பதைவிட அந்த எண்கள் சீக்கிரம் ஆளை வரவழைக்கும்.

கேள்வி: ஓ.என்.டி.க்குப் பின்னால் சொந்த ரவுட்டர் வைத்திருக்கிறேன். இரட்டை நாட் பிங்கைக் கூட்டுகிறதா?

நாட் என்பது வீட்டுக் கருவிகளின் முகவரியை ரவுட்டர் வெளி முகவரியாக மாற்றும் வேலை, உங்களிடம் அது இரண்டு பெட்டியிலும் நடக்கிறது. அதனால் கூடுவது மில்லி விநாடியில் சிறு பின்னம்தான், உணரவே முடியாது. ஆனால் வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக் கருவிக்குத் திருப்பும் போர்ட் ஃபார்வர்டிங்கை உங்கள் ரவுட்டரில் மட்டும் வைத்தால் வேலை செய்யாது, கேமில் 'ஸ்ட்ரிக்ட் நாட்' என்று காட்டலாம். ஓ.என்.டி.யை, நாட் செய்யாமல் தரவை அப்படியே கடத்தும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் கேளுங்கள். மாற்றுவதற்கு முன், ரவுட்டர் இணையத்தில் உள்நுழையத் தேவையான பி.பி.பி.ஓ.இ. பயனர் பெயர், கடவுச்சொல், வி-லேன் எண் மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இணையம் எழுந்திருக்காது.