புள்ளி விழுந்த பாம் செடி, அழுகும் குருத்து: வாசகர் கேள்விகள்

கேள்வி: தொட்டியில் வளரும் அரிகா பாம் என்ற அலங்காரப் பனையின் ஓலைகளில் பழுப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி மஞ்சள் வளையம். பூஞ்சைக்கொல்லியைத் திரும்பத் திரும்பத் தெளித்தும் புள்ளி போகவில்லை. மருந்தை மாற்றலாமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். புள்ளி விழுந்த இடம் செத்துப்போன திசு, எந்த மருந்து அடித்தாலும் அது மறுபடி பச்சையாகாது. மாங்கோசெப், காப்பர் ஆக்சிகுளோரைடு போன்றவை ஓலையின் மேல் படிந்து நின்று, புதிதாக வந்து விழும் பூஞ்சை வித்துகள் முளைக்காமல் தடுக்கும், அவ்வளவுதான். அதனால் தெளித்த பிறகு விரிந்த புது ஓலையைப் பாருங்கள், அது சுத்தமாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது நீங்கள் எப்படித் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்பது, அதை நீங்கள் எழுதவில்லை. இலைப்புள்ளிப் பூஞ்சைகளின் வித்து முளைக்க ஓலை சில மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். சாயங்காலம் செடியின் தலையோடு தண்ணீர் ஊற்றினால் ராத்திரி முழுக்க ஈரம் நிற்கும், தெறிக்கும் நீர் வித்துகளைப் பக்கத்துத் தொட்டிக்கும் கொண்டுபோகும். காலையில், மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். தொட்டிகளைக் காற்று போய்வர இடைவெளி விட்டு வையுங்கள். பெரும்பாலான இலைப்புள்ளி இதிலேயே கட்டுக்குள் வந்துவிடும், மருந்து அதற்கு அடுத்ததுதான். பாதிக்கு மேல் கருகிய மட்டையை மட்டும் வெட்டி அப்புறப்படுத்துங்கள், அடுத்த செடிக்குப் போகும் முன் கத்தரியை 70% ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். மருந்து தெளித்தே ஆகவேண்டும் என்றால் செடியை வெளியே நிழலில் வைத்து, கையுறையும் முகக்கவசமும் போட்டு, லேபிளில் உள்ள அளவுப்படி தெளியுங்கள், வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: நடுக்குருத்து வாடி நிற்கிறது, இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது, அடியில் கெட்ட நாற்றம். பிழைக்குமா?

பதில்: இது குருத்தழுகல், இதில் ஒரு நாள் தாமதமும் நல்லதல்ல. பாம் வகைகளில் ஒரு தண்டுக்கு ஒரே வளர்நுனிதான், அது அழுகினால் அந்தத் தண்டு பக்கக் கிளை விட்டுத் தப்பிக்க முடியாது. அரிகா மாதிரிப் புதராக வளர்வதென்றால் கெட்ட தண்டை அடியோடு எடுத்துவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றலாம். ஒற்றைத் தண்டு பாம் என்றால், வளர்நுனி இன்னும் உயிரோடு இருந்தால் மட்டுமே நம்பிக்கை: அழுகியதைச் சுத்தமாக நீக்கி, காப்பர் மருந்தைக் குருத்துக்குள் இறங்குமாறு ஊற்றி, குருத்தில் தண்ணீர் படாமல் வைத்துக் காத்திருங்கள், புதுக் குருத்து தலைகாட்ட மாதக்கணக்கில் ஆகலாம்.

அப்புறம் ஒன்று, குருத்தழுகலுக்குக் காரணமான ஃபைட்டோஃப்தோரா உண்மையான பூஞ்சையே இல்லை, பாசிகளுக்கு நெருங்கிய வேறு இனம். அதனால் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி அதை ஒன்றும் செய்யாது. மேலே சொன்ன காப்பரும், மெட்டலாக்சில், ஃபோசெட்டில் அலுமினியம் போன்ற மருந்துகளும்தான் அதற்கு. வடிகால் துளை அடைத்த தொட்டியிலும், எப்போதும் தண்ணீர் தேங்கும் தட்டிலும் இது சுலபமாக வரும், அதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அடி மட்டைகளில் மட்டும் ஆரஞ்சு மஞ்சள் புள்ளிகள், நுனி காய்கிறது. மேலே புது ஓலை நன்றாக இருக்கிறது. இதுவும் பூஞ்சையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஓலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், புள்ளிகள் வழியாக ஒளி ஊடுருவித் தெரிந்தால் அது பொட்டாசியக் குறைபாடு. பூஞ்சைக்கொல்லி இதற்கு வீண். அசிங்கமாகத் தெரிகிறதே என்று அந்த மட்டைகளை வெட்டவும் வேண்டாம், செடி அவற்றிலிருந்துதான் பொட்டாசியத்தை உறிஞ்சிப் புது ஓலைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது, வெட்டினால் குறைபாடு அடுத்த அடுக்குக்கு ஏறும். பொட்டாசியத்தோடு மக்னீசியமும் சேர்ந்த, மெதுவாகக் கரையும் உரம் போடுங்கள். பழைய ஓலை தேறாது, இனி வரும் ஓலைகள் முதிரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.