குறிப்பெடுக்கும் வேலை எப்போதும் எனக்கே ஏன்?

கேள்வி: எங்கள் பிரிவில் கூட்டக் குறிப்பு எடுப்பது, புதியவர்களுக்கு வேலை பழக்குவது, பிரிவுபசார விழா ஏற்பாடு எல்லாம் பெண்கள் தலையில்தான் விழுகின்றன. பதவி உயர்வின்போது இவற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பொறுக்க முடியாமல், "உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?" என்று கூட்டத்தில் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து மேலாளர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் செய்தது தவறா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் குறை முழுக்க நியாயமானது. அதில் ஓர் அடிகூடப் பின்வாங்காதீர்கள். ஆனால் அந்தக் கேள்வி பேச்சைத் திசைதிருப்பிவிட்டது. வேலை யாருக்குப் போகிறது என்று பேச வேண்டிய இடத்தில், மேலாளர் நல்லவரா கெட்டவரா என்பது விவாதமாகிவிட்டது. குணத்தைக் குறை சொன்னால் எவரும் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். "இது அநியாயம்" என்று தாராளமாகச் சொல்லுங்கள். "நீங்கள் அநியாயக்காரர்" என்பது மட்டும் வேண்டாம்.

கெட்ட எண்ணம் இல்லாமலும் இது நடக்கும். பொருளியலாளர்கள் லிண்டா பாப்காக், லீசே வெஸ்டர்லுண்ட் முதலான ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், யாராவது ஒருவர் ஏற்றே ஆக வேண்டிய, ஆனால் ஏற்பவருக்குப் பெரிய பலன் தராத வேலைக்கு, இருபாலரும் கலந்த குழுக்களில் பெண்களே அதிகம் முன்வந்தார்கள். ஒரே பாலினக் குழுக்களில் அந்த வேறுபாடு இல்லை. யாரைக் கேட்பது என்று முடிவுசெய்யும் இடத்தில் இருந்தபோது, ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும் பெண்களையே அதிகம் கேட்டார்கள். பெண் மறுக்கமாட்டாள் என்ற எதிர்பார்ப்பு எல்லோரிடமும் ஊறிக் கிடக்கிறது. உங்கள் மேலாளர் அறிந்து செய்கிறாரா, அறியாமலா என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் கேட்க வேண்டிய மாற்றம் ஒன்றுதான்.

கடந்த ஆறு மாதக் கூட்டங்களில் யார் யார் குறிப்பெடுத்தார்கள் என்று ஒரு பட்டியல் தயாரியுங்கள். பிறகு தனியே சந்தியுங்கள். "அன்று உங்கள் மனசாட்சியை இழுத்தது சரியல்ல. ஆனால் வேலைப் பங்கீட்டைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை" என்று தொடங்கிப் பட்டியலைக் காட்டுங்கள். "யார் செய்கிறீர்கள்?" என்று பொதுவில் கேட்பதை விட்டு, பெயர் வரிசைப்படி முறை வைக்கச் சொல்லுங்கள். புதியவர்களுக்குப் பழக்குவது உண்மையிலேயே திறமை வேண்டிய வேலை. ஆண்டு மதிப்பீட்டில் அதற்கு இடம் கேளுங்கள்.

"நீங்கள்தான் நன்றாகச் செய்கிறீர்கள்" என்று அவர் சொல்லக்கூடும். அந்தப் பாராட்டில் மயங்கிவிடாமல், "அப்படியானால் அதை மதிப்பீட்டில் எழுதுங்கள்" என்று கேளுங்கள். அதற்கும் மறுத்தால், அதே பட்டியலோடு மனிதவளப் பிரிவுக்கு எழுத்து மூலம் கொண்டுபோங்கள். அந்தக் கடிதத்திலும் அவருடைய குணத்தைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.