மரம் வேறு, சோலை வேறு

அன்புள்ள ஐயா,

'முழுமை என்பது உறுப்புகளின் கூட்டுத்தொகையைவிட மேலானது' என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அந்த 'மேல்' எங்கே ஒளிந்திருக்கிறது? நான் பழனி மலையில் மரக்கன்று நடுகிறவர்களோடு வேலை செய்கிறேன். சோலை என்பது மரங்களின் தொகுப்பு. உரிய மரங்களை நட்டால் சோலை வந்துவிடும். இதில் மர்மம் எதற்கு?

– ஒரு வாசகர், கொடைக்கானல்

அன்புள்ள நண்பருக்கு,

மர்மம் வேண்டாம் என்பதில் நானும் உங்கள் கட்சிதான். 'மேலானது' என்று எழுதியது என் பிழை. மனம் எதையும் துண்டுகளாக அல்ல, முழு வடிவமாகவே காண்கிறது என்ற கெஸ்டால்ட் உளவியலைச் சேர்ந்த குர்ட் கோஃப்கா 1935இலேயே, கூட்டுத்தொகையைவிட அதிகம் என்பதைக் காட்டிலும் கூட்டுத்தொகையிலிருந்து வேறு என்பதே சரி என்று திருத்தியிருக்கிறார். இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. 'பொற்றொடி வந்தாள்' என்றால் வந்தது பொன்னும் அல்ல, தொடியும் (வளையலும்) அல்ல, பொன்னாலான தொடியும் அல்ல. அதை அணிந்த பெண். அன்மொழித்தொகையின் பொருளை எந்தச் சொல்லைப் பிரித்துத் தேடினாலும் கிடைக்காது.

சோலைக்கு, அதாவது மலை உச்சிப் புல்வெளிகளுக்கு நடுவே அடர்ந்து நிற்கும் காட்டுக்கு வருகிறேன். மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் புல்மேட்டில் உறைபனி விழுகிறது. விடியற்காலையில் புல்நுனிகள் உப்புப் பூத்தாற்போல வெளுத்திருக்கும், மிதித்தால் நொறுங்கும். அங்கே முளைத்த சோலைமரக் கன்று அந்தப் பனியில் கருகிவிடும். சில அடிகள் தள்ளி, சோலைக்குள், கிளைகள் பின்னிய கூரை நிலத்தின் வெப்பத்தை வானுக்குப் போகவிடாமல் தடுப்பதால், அதே இரவில் அதே இனக் கன்று பிழைத்துக்கொள்கிறது. இந்தக் காப்பு எந்த மரத்தின் சொத்து? தனியே நிற்கும் ஒரு நாவல் மரத்தால் இதைத் தர முடியாது. மரங்கள் நெருங்கி நிற்கும் நிலைதான் இதைத் தருகிறது. வெப்பம், கதிர்வீச்சு என்று இயற்பியலால் இதை முழுக்க விளக்கிவிடலாம் என்பீர்கள். விளக்கலாம். விளக்கிவிட்டதால் அது ஏதோ ஒரு மரத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வதில்லை; நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து வந்து, தோல் பதனிடும் பட்டைக்காகப் பரப்பப்பட்டு, புல்வெளிகளை விழுங்கிய சீகை மரத்தை (ஆங்கிலத்தில் வாட்டில்; சீயக்காய் அல்ல) நாம் எல்லோரும் திட்டுகிறோம், திட்டத் தகுந்ததுதான். ஆனால் பழனி மலையின் மேற்பகுதியில், பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலைமரக் கன்றுகள் தாமாகவே எழுந்து வந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பறவைகள் விதையைக் கொண்டுவந்து போடுகின்றன. பனியைச் சீகை தடுக்கிறது. சோலையின் உறுப்பே அல்லாத மரம் ஒன்று, சோலை செய்யும் வேலையைச் செய்கிறது. உறுப்புகளை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவர் கண்ணில் இது படாது.

நீங்கள் நடுவது வெட்டவெளியிலா, மர நிழலிலா? (புல்மேடு என்றால் தயவுசெய்து நட வேண்டாம்; அது காலி நிலம் அல்ல.) தை கழிந்தபின் எத்தனை கன்றுகள் நிற்கின்றன என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.